அலுமினியத் தோல், இரும்பு எலும்பு: லேண்ட் ரோவரும் துருவின் வரலாறும்

இன்னைக்கு எபிசோடு துருவைப் பத்தி. சிரிக்காதீங்க. போர், ஒப்பந்தம், ராஜாக்கள்னு மணிக்கணக்கா பேசுறோம். நம்ம வீட்டு கேட்டையும் வண்டியையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டு இருக்கிற ஒண்ணோட வரலாற்றை மட்டும் ஏன் விட்டுவைக்கணும்?

ஒரு புதிரோட ஆரம்பிக்கலாம். 1948-ல ஒரு வண்டி வந்தது. அதோட வெளித்தகடு கிட்டத்தட்ட முழுக்க அலுமினியம். அலுமினியம் இரும்பு மாதிரி துருப்பிடிக்காதுன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோம். அப்படின்னா அந்த வண்டி வச்சிருக்கிறவங்க துருவைப் பத்தி யோசிக்கவே வேண்டாம், இல்லையா? ஆனா பழைய லேண்ட் ரோவர் வாங்கப் போறவர் பெயின்டைப் பார்க்க மாட்டார். கீழே படுத்து, டார்ச் அடிச்சு, சேஸிஸைத் தட்டிப் பார்ப்பார். அலுமினிய வண்டியோட ஆயுளை முடிவு பண்றது துருதான். அது எப்படி?

இதுல எனக்கு சொந்த அக்கறையும் இருக்கு. என்கிட்ட 90-களின் கடைசியில் வந்த ஒரு எஸ்யூவி இருக்கு. கம்பெனி பேர் தேவையில்லை. எல்லாக் கம்பெனி இரும்பும் துருப்பிடிக்கும். சென்னையில, கடற்கரைக்குப் பக்கத்துல நிக்குது. அதோட பின்பக்க வீல் ஆர்ச்சையும் டிரைவர் கால் வைக்கிற ஃப்ளோரையும் சில மாசமா சனி ஞாயிறுகள்ல நானே வெட்டி, புதுத் தகடு வச்சு, வெல்டிங் பண்ணிட்டு இருக்கேன். வாரத்துல அஞ்சு நாள் கோடு, ரெண்டு நாள் தகடு. இந்த வேலையோட ஒவ்வொரு படிக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் பட்ட பாடு இருக்குன்னு தேடிப் படிக்கும்போதுதான் புரிஞ்சுது. அந்தக் கதைதான் இது.

துரு ஒரு பேட்டரி

முதல்ல கொஞ்சம் வேதியியல். ரெண்டு நிமிஷம்தான்.

இரும்பு துருப்பிடிக்க மூணு விஷயம் வேணும்: இரும்பு, தண்ணி, ஆக்ஸிஜன். தண்ணியில உப்பு கலந்திருந்தா வேகம் கூடும், ஏன்னா உப்புத்தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும். ஆமா, மின்சாரம். துருப்பிடிக்கிற தகடு ஒரு குட்டி பேட்டரி. தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு எலக்ட்ரானை இழந்து கரைகிறது. இன்னொரு புள்ளியில் ஆக்ஸிஜன் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. நடுவில் சர்க்யூட்டை முடிச்சு வைக்கிறது ஈரம்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. துரு, அது தின்ன இரும்பை விடப் பல மடங்கு அதிக இடத்தை எடுத்துக்கும். அதனாலதான் பெயின்ட் கொப்புளமா எழும்புது. வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரியுதுன்னா, பெரும்பாலும் உள்பக்கம் வேலை முக்கால்வாசி முடிஞ்சிருக்கும். கொப்புளம்தான் கடைசியில வர்ற செய்தி.

இந்த பேட்டரி விஷயத்தை முதன்முதலில் நடைமுறையில் பயன்படுத்திப் பார்த்தவர் ஹம்ஃப்ரி டேவி. இடம் லண்டன், வருஷம் 1824. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பகுதியில் செப்புத் தகடு போர்த்தியிருந்தாங்க. கடல்நீர் அதை அரிச்சுட்டே இருந்தது. செம்போட சேர்த்து ஒரு சின்னத் துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ பொருத்துங்க, அரிப்பு அந்தத் துண்டுக்குப் போயிடும், செம்பு தப்பிச்சிடும்னு டேவி சொன்னார். அப்படியே நடந்தது. செம்பு பளபளன்னு இருந்தது. ஆனா கப்பல் மெதுவாப் போக ஆரம்பிச்சது. காரணம், கரைஞ்சு வந்த செம்புதான் அதுவரைக்கும் கடல்பாசியையும் சிப்பிகளையும் விஷம் வச்சுத் துரத்திட்டு இருந்தது. செம்பு கரையறது நின்னதும் அதெல்லாம் கப்பல் அடியில் வந்து குடியேறிடுச்சு. ஒரு பக்-ஐ ஃபிக்ஸ் பண்ணா இன்னொரு ஃபீச்சர் உடையும்னு நம்ம ஆஃபீஸ்ல சொல்வோமே, அதுக்கு 200 வருஷ முன்னுதாரணம்.

ஆனா டேவியின் தத்துவம் நிலைச்சது. தனக்குப் பதிலா இன்னொரு உலோகத்தைப் பலி கொடுக்கிறது. 1837-ல் பிரான்ஸில் ஸ்டானிஸ்லாஸ் சோரெல் இதே தத்துவத்துக்கு காப்புரிமை வாங்கினார்: சுத்தம் பண்ணின இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறது. நாம கடையில கேட்டு வாங்குற ஜிஐ ஷீட், ஜிஐ பைப் எல்லாம் அந்த வழியில் வந்ததுதான். ஜிஐ-யில இருக்கிற ஜி, கால்வனைஸ். தவளைக் காலில் மின்சாரத்தைக் கண்ட இத்தாலிய மருத்துவர் லூயிஜி கால்வானியின் பேர்.

ஆக 1837-லேயே இரும்பைக் காப்பாத்த வழி தெரியும். அதுக்கு நூறு வருஷம் கழிச்சு வந்த கார்கள் ஏன் துருப்பிடிச்சன? ஏன்னா அந்த வழிக்குச் செலவாகும்.

1947: மணலில் போட்ட படம்

இப்போ லேண்ட் ரோவர். ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ். அவர் அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ்தான் கம்பெனியை நடத்தினார். மாரிஸுக்கு வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை. அங்கே வேலைக்கு, போரில் மிஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப்பை ஓட்டிட்டு இருந்தார். அது ரிப்பேர் ஆனா அதுக்குப் பதிலா என்ன வாங்கறதுன்னு கேள்வி வந்தப்போ, இன்னொரு ஜீப்பைத் தவிர வேற எதுவும் இல்லைங்கறது அவருக்கு உறுத்தியது. 1947-ல் ரெட் வார்ஃப் பே கடற்கரை மணலில் அண்ணனுக்கு அவர் ஒரு படம் வரைஞ்சு காட்டினார், அதுதான் லேண்ட் ரோவரின் முதல் வரைபடம்னு கம்பெனி வரலாறு சொல்லுது.

கடற்கரையில் பிறந்த வண்டி. துருவைப் பத்திப் பேசும்போது இதை நினைவில் வச்சுக்கோங்க.

அன்றைய பிரிட்டன் போரில் ஜெயிச்சும் ஏழையாயிருந்த நாடு. எஃகுக்கு ரேஷன். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ற கம்பெனிக்குத்தான் எஃகு ஒதுக்கீட்டில் முன்னுரிமை. ஆனா அலுமினியம் கிடைச்சது. போர் விமானத்துக்காகப் பெருகிய தொழில், போர் முடிஞ்சதும் வாங்க ஆள் இல்லாமல் நின்றது. அதனால வெளித்தகடுகளுக்கு பர்மாபிரைட் என்ற அலுமினிய–மெக்னீசியக் கலவையைத் தேர்ந்தெடுத்தாங்க. பேரைக் கேட்டு பர்மாவை நினைக்காதீங்க. அது பர்மிங்காம் சரக்கு.

இன்னொரு காரணமும் இருந்தது. காரின் வளைந்த தகடுகளை அச்சில் வச்சு அழுத்தி எடுக்க ராட்சச பிரெஸ் வேணும், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு வேணும். அவ்வளவு பணம் ரோவரிடம் இல்லை. அதனால் தட்டையான தகடு, நேரான மடிப்பு. லேண்ட் ரோவரின் அந்தப் பெட்டி மாதிரி முகம், ஸ்டைலுக்காக வந்ததில்லை. சேஸிஸும் அப்படித்தான். நாலு எஃகுப் பட்டைகளை வெட்டி, நாலு பக்கமும் சேர்த்து வெல்டிங் பண்ணி, உள்ளே கூடான ஒரு பெட்டிக் குழாய் மாதிரி செஞ்சாங்க.

1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சி. லேண்ட் ரோவர் வெளியுலகத்துக்கு வந்தது. விலை 450 பவுண்ட். எஃகுத் தட்டுப்பாடு தீர்ற வரைக்கும் சில வருஷம் ஓட்டலாம்னு நினைச்ச வண்டி. அந்தப் பரம்பரையின் கடைசி டிஃபெண்டர் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது 2016 ஜனவரி 29-ல். 68 வருஷம்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச ஒரு சின்ன விவரம். 1948-ல் சோதனைக்காகச் செஞ்ச ஆரம்ப வண்டிகளின் சேஸிஸ் கால்வனைஸ் பண்ணப்பட்டிருந்தது. சோரெல் காட்டின அதே வழி. உற்பத்தி தொடங்கினதும் அதை விட்டுட்டாங்க. பெயின்ட் மட்டும் போதும்னு முடிவாச்சு. இன்னைக்கு பழைய லேண்ட் ரோவரைப் புதுப்பிக்கிறவங்க என்ன பண்றாங்க தெரியுமா? சேஸிஸ் உளுத்துப்போனா, கடையில புதுசா கால்வனைஸ் சேஸிஸ் வாங்கி, மொத்த வண்டியையும் கழட்டி அதுமேல ஏத்துறாங்க. கம்பெனி முதல் வருஷமே மிச்சம் பிடிச்ச காசை, அரை நூற்றாண்டு கழிச்சு ஓனர்கள் கட்டிட்டு இருக்காங்க.

வெளியே நல்லாத்தான் இருக்கு

லேண்ட் ரோவர் எங்கே உளுத்துப்போச்சு? கண்ணுக்குத் தெரியாத எல்லா இடத்துலயும்.

தோல் அலுமினியம், எலும்பு எஃகு. இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவில் நிற்கிற சுவர், அதாவது பல்க்ஹெட், எஃகு. கால் வைக்கிற குழி எஃகு. கதவு தொங்குற தூண் எஃகு. சேஸிஸ் எஃகு. பல்க்ஹெட்டைத் தாங்குற கைகளில் சேறு சேரும். பின்னாடி குறுக்குச் சட்டத்தில் சேறு சேரும். கூடான சேஸிஸுக்குள்ளே தண்ணி போய் வெளியே வர வழி தெரியாமல் நிற்கும். அப்புறம் துரு உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியே கறுப்பு பெயின்ட் அப்படியே இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினா உள்ளே போயிடும்.

ரெண்டு உலோகமும் சந்திக்கிற இடத்தில் டேவியின் பேட்டரி வேலை செய்யுது. கதவின் எஃகுச் சட்டத்தைச் சுத்தி அலுமினியத் தகட்டை மடிச்சு ஒட்டியிருப்பாங்க. அந்த மடிப்புக்குள்ளே ஈரம் புகுந்தா, அலுமினியம் தன்னைப் பலி கொடுக்கும். வெள்ளை மாவு மாதிரி கொட்டும், பெயின்ட் கொப்புளிக்கும். அப்புறம் அதே மடிப்பில் தேங்குற ஈரம் எஃகையும் விடாது.

1970-ல் ரேஞ்ச் ரோவர் வந்தது. அதே தத்துவம்: எஃகு எலும்புக்கூடு, பெரும்பாலும் அலுமினியத் தோல். 1970-களில் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் வடிவமைப்புக்காகக் காட்சிக்கு வச்ச கார் அது. அந்த அழகின் கீழ்ப் பின்கதவு எஃகு. முதலில் உளுத்துப்போறதுல அதுவும் ஒண்ணு. 1989-ல் வந்த டிஸ்கவரியில் பின்பக்க ஃப்ளோர், கதவுக்குக் கீழே ஓடுற சில், முன்பக்க உள் விங். பிரிட்டனில் இந்த மூணு வண்டிக்கும் ரிப்பேர் தகடுகள் இன்னைக்கும் தனியா விற்கும் ஒரு சந்தையே இருக்கு. குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க சாலையில் பாறை உப்பு தூவுற நாடு அது. நமக்குக் கடல்காத்து பண்றதை, அவங்களுக்கு மாநகராட்சி லாரி பண்ணிடும்.

சுத்தியலோடு வந்த சட்டம்

இப்போ கேள்வி. பிரிட்டனில் சாதாரண ஆட்கள், ஆசிரியர், தபால்காரர், கிளார்க், வீட்டு வாசலில் வெல்டிங் பண்ணக் கத்துக்கிட்டது எப்படி? காசு மிச்சம் ஒரு காரணம். ஆனா அந்தக் காரணம் நம்மகிட்டயும் இருக்கு, நாம கத்துக்கலையே.

அங்கே ஒரு சட்டம் வந்தது. 1960-ல், பத்து வருஷத்துக்கு மேலான கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை. போக்குவரத்து அமைச்சகத்தின் முதல் எழுத்துக்களால் அதை எம்ஓடி என்கிறார்கள். ஆரம்பத்தில் பிரேக், லைட், ஸ்டியரிங். வயசு வரம்பு சீக்கிரமே குறைந்து, 1967-ல் மூணு வருஷம் ஆனது. 1977-ல் இன்னும் பல விஷயங்களோடு பாடியும் சேஸிஸும் பரிசோதனைக்குள் வந்தன.

அதுல இருக்கிற ஒரு விதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் பொருத்தியிருக்கிற புள்ளிகளைச் சுற்றி 30 செ.மீ. தூரத்துக்குள் பலவீனமாக்கும் துரு இருந்தால் ஃபெயில். பரிசோதகர் கட்டைவிரலால் அழுத்துவார், சின்னச் சுத்தியலால் தட்டுவார். சத்தம் மாறினா விடமாட்டார். அந்த இடத்தில் பட்டி போட்டு மூடினா செல்லாது. ஃபைபர் ஒட்டினா செல்லாது. தகட்டை வெட்டி, புதுத் தகட்டைச் சுத்திலும் விடாமல் வெல்டிங் பண்ணியிருக்கணும். நடு நடுவுல நாலு புள்ளி வச்சு விட்டாலும் ஏத்துக்கமாட்டாங்க.

பட்டியோட கதையையும் சொல்லிடறேன். முன்னாடி கார் தகட்டின் பள்ளத்தை ஈயத்தை உருக்கித் தடவி நிரப்புவாங்க. கைத்தொழில், ஈயப்புகை உடம்புக்கு விஷம். 1950-களில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் பிசினும் டால்க் மாவும் கலந்த பட்டி வந்தது. ஹார்டனர் சேர்த்து குழைச்சா சில நிமிஷத்தில் இறுகிடும், உப்புத்தாளால் தேய்க்கலாம். பெரிய முன்னேற்றம்தான். ஆனா அது எதையும் தாங்காது. போதாக்குறைக்கு, பின்பக்கம் ஓட்டை இருந்தா ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும். துருவுக்கு மேல பட்டி போடறதுன்னா, எர்ரரை சரி பண்ணாமல் எர்ரர் மெசேஜை மட்டும் மறைச்சு வைக்கிறது.

சட்டம் வெல்டிங் கேட்டது. வீட்டில் வெல்டிங் பண்ண முடியுமா? அதுக்கும் ஒரு வரலாறு. 1903 வாக்கில் பிரான்ஸில் வந்த ஆக்ஸி-அசிட்டிலின் டார்ச்தான் நம்ம ஊரில் கேஸ் வெல்டிங். நல்ல கையில் அது அற்புதம் பண்ணும். ஆனா சூடு அகலமாப் பரவி மெல்லிய தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும். கம்பி ராடு வச்சுப் பண்ற சாதாரண ஆர்க் வெல்டிங் 1 மி.மீ. தகட்டில் எளிதா ஓட்டை போட்டுடும். 1948-ல், லேண்ட் ரோவர் வந்த அதே வருஷம், அமெரிக்காவின் பேட்டல் ஆய்வுக் கூடத்தில் எம்ஐஜி முறை உருவானது: கம்பி தானா வெளியே வரும், சுத்தி ஒரு வாயு காத்து நிற்கும். 1950-களில் ஆர்கானுக்குப் பதில் மலிவான கார்பன் டை ஆக்சைடு வந்தது. அதே பத்தாண்டின் கடைசியில், கம்பி நொடிக்குப் பல தடவை தகட்டைத் தொட்டு விலகுற குறைந்த சூட்டு முறை வந்ததும் கார் தகடு எளிதாச்சு. பின்னாடி சின்ன மெஷின்களாக வீட்டுக்கே வந்துடுச்சு.

கையில் எடுத்தா என்னென்ன செய்யணும்

இதை விவரமாச் சொல்றேன், ஏன்னா வரலாறு எல்லாம் இந்த வரிசையில்தான் வந்து சேருது.

முதல் வேலை தட்டிப் பார்க்கிறது. எம்ஓடி பரிசோதகர் மாதிரியே. கார்பெட்டைத் தூக்குங்க, ரப்பர் பீடிங்கைக் கழட்டுங்க. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிட்டே வாங்க. 'டங்'னு கேட்டா இரும்பு இருக்கு. 'டப்'னு செத்த சத்தம் வந்தா இல்லை. ரூபாய் அளவு கொப்புளத்தைத் தோண்டினா உள்ளங்கை அளவு ஓட்டை வரும். அதைப் பார்த்து பயப்படக் கூடாது. நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டணும். துருப்பிடிச்ச ஓரத்தில் வெல்டிங் நிக்காது. பேப்பர்ல தையல் போடற மாதிரி கிழியும்.

வெட்டுற ஓட்டையின் மூலைகள் வட்டமா இருக்கணும். கூர்மையான மூலையில்தான் அழுத்தம் குவியும், அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும்.

அடுத்து அட்டை. பிஸ்கட் பெட்டி அட்டையே போதும். ஓட்டைக்கு மேல வச்சு, வரைஞ்சு, வெட்டி, மடிச்சு சரி பார்த்துட்டு அப்புறம் தகட்டுக்கு மாத்தணும். முதல் வருஷம் ஒர்க்‌ஷாப் லேப்ல தகட்டை விரிச்சு வரைஞ்சு ட்ரே செஞ்சோமே, இன்ஜினியரிங் படிச்ச அத்தனை பேரும் மதிப்பெண்ணுக்காக மட்டும் செஞ்ச அந்த ட்ரே, அதுதான் இது. எனக்கு அந்த லேப் உபயோகப்பட்டது இப்பத்தான்.

தகடு பழையதோட அதே கனம் இருக்கணும். வெளித்தகட்டுக்கு 0.8-லிருந்து 1 மி.மீ., ஃப்ளோர் மாதிரி இடத்துக்கு இன்னும் கொஞ்சம் தடிமன். கடையில சிஆர் ஷீட்னு கேளுங்க. ஜிஐ ஷீட் ஆசையா இருக்கும். ஆனா துத்தநாகப் பூச்சு மேல வெல்டிங் பண்ணா வர்ற வெள்ளைப் புகையை சுவாசிச்சா அன்னைக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் நிச்சயம். வெல்டிங் ஓரத்தில் அந்தப் பூச்சை முழுசா உரிச்சு எடுத்துட்டு, காற்றோட்டமான இடத்தில், சரியான மாஸ்க்கோட பண்ணலாம்.

வெல்டிங்கில் ரகசியமே பொறுமைதான். ஒரு கோடா இழுக்கக் கூடாது. ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, வேற மூலையில் ஒரு புள்ளி. கை வைக்கிற சூட்டுக்கு ஆறட்டும். அப்புறம் நடுவில் ஒண்ணு. இப்படியே புள்ளிகள் சேர்ந்து கோடாகணும். அவசரப்பட்டா தகடு நெளியும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது புதுப்பேட்டை பக்கத்துல டிங்கரிங் பண்ற ஒரு அண்ணன். "தகடு கோவிச்சுக்கும் தம்பி, விட்டுவிட்டுப் பேசு"ன்னார். எந்த வீடியோவும் அதை இவ்வளவு தெளிவாச் சொல்லலை.

பாதுகாப்பு. பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டணும். பெட்ரோல், டீசல் குழாய் எங்கே ஓடுதுன்னு தெரியாம தீப்பொறி பறக்க விடக் கூடாது. கார்பெட், ஃபோம், வயர் எல்லாம் தள்ளி இருக்கணும். தீயணைப்பான் கையெட்டுற தூரத்தில். வேலை முடிஞ்சதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்க. தகட்டுக்குப் பின்னாடி கனல் மெதுவாத்தான் பிடிக்கும். வெல்டிங் ஒளியை வெறும் கண்ணால் பார்த்தா, ராத்திரி கண்ணுல மணல் கொட்டின மாதிரி இருக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைச்ச தகட்டில் வெல்டிங் பண்ணவே கூடாது. ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உருவாகும்.

மூடி வைக்கிற படிதான் ஆயுளைத் தீர்மானிக்கும். வெல்டிங்கை கிரைண்டரால் சமன் பண்ணி, எபாக்ஸி பிரைமர் அடிச்சு, இணைப்புகளில் சீலன்ட் வச்சு, அப்புறம் பெயின்ட். மேலே 2 மி.மீ. பட்டி சமன் பண்ண மட்டும். அங்கேதான் பட்டிக்கு வேலை. பின்பக்கம், கைக்கு எட்டாத கூடுகளுக்குள், மெழுகு ஸ்ப்ரே. கம்பெனி விட்ட வடிகால் ஓட்டையை மட்டும் அடைச்சிடாதீங்க. அதை அடைச்சா அடுத்த மழைக்கு நீங்க ஒரு தொட்டி கட்டியிருப்பீங்க.

வெட்ட முடியாத இடத்தில் மேலோட்டத் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் போடுவாங்க. அதில் பலதில் இருக்கிறது டானிக் அமிலம். துருவோட சேர்ந்து அது கருநீலமா இறுகும். இந்த ரசாயனம் நமக்குப் புதுசில்லை. கடுக்காயில் இருக்கிற துவர்ப்பு அதேதான். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சின மை கறுப்பா இருந்ததுக்கும், கலம்காரியில் இரும்புத்துண்டும் வெல்லமும் ஊறவச்ச கறுப்பு, கடுக்காய் தோய்ச்ச துணியில் பிடிச்சதுக்கும் காரணம் இதுவே.

ஒரு எல்லையும் சொல்லணும். சேஸிஸ், சஸ்பென்ஷன் மாட்டுற இடம், சீட் பெல்ட் போல்ட் இருக்கிற இடம், இதை எல்லாம் பழகாத கை தொடக் கூடாது. நான் ஃப்ளோரையும் வீல் ஆர்ச்சையும்தான் எடுத்தேன். பெல்ட் போல்ட்டுக்குப் பக்கத்து வேலையை அந்த அண்ணன்தான் செஞ்சார். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன்.

கம்பெனிகள் கத்துக்கிட்டது

கார் கம்பெனிகள் சும்மா இருக்கலை. 1960-களின் தொடக்கத்தில் ஃபோர்டில் ஜார்ஜ் ப்ரூவர் குழு, பெயின்ட் தொட்டியில் மொத்த பாடியையும் முக்கி, மின்சாரம் செலுத்தி, கூடுகளுக்குள்ளேயும் பெயின்டைப் படிய வைக்கிற முறையைக் கொண்டுவந்தது. 1970-களின் நடுவில் போர்ஷ 911 கால்வனைஸ் தகட்டுக்கு மாறியது. 1985-ல் ஆடி முழு பாடியையும் கால்வனைஸ் பண்ணியது. சோரெலின் காப்புரிமைக்கு 148 வருஷம் கழிச்சு. இன்னைக்கு வர்ற கார்கள் பழையதை விடத் தாங்குறதுக்கு இதுதான் காரணம். நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பூச்சையும் ஒரு ஆழமான கீறலும், சரியாச் செய்யாத ஒரு டிங்கரிங் வேலையும் உடைச்சிடும்.

நம்ம ஊர்ல யார் தட்டிப் பார்க்கிறது?

இந்தியாவில் சொந்த உபயோக கார் பதிவு 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தகுதிச் சான்றோடு புதுப்பிக்கணும். அதாவது முதல் 15 வருஷம், உங்க சீட்டுக்கு அடியில் என்ன நடக்குதுன்னு சட்டம் கேட்கிறதில்லை. இடையில் அந்த வண்டி மூணு கை மாறியிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னையில் எத்தனை வண்டிகள் கதவு மட்டம் வரைக்கும் முங்கி நின்னதுன்னு நாம கண்ணாலயே பார்த்தோம். அந்த வண்டிகள்ல பல இன்னும் ஓடுது. அதில் சிலதின் ஃப்ளோர், பட்டிக்கும் கார்பெட்டுக்கும் அடியில் மெதுவாக் கரைஞ்சுட்டு இருக்கும்.

இது அழகு சமாச்சாரம் இல்லை. விபத்தில் சீட் பெல்ட் உங்களைப் பிடிக்கணும்னா, பெல்ட்டைப் பிடிச்சிருக்கிற தகடு இரும்பா இருக்கணும். பட்டியா இருந்தா, அந்தக் கணத்தில்தான் அது தெரியவரும்.

அதனால பழைய எஸ்யூவி வாங்கப் போறவங்களுக்கு மூணே வேலை. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுத்தி வெளித்தகட்டில் ஓட்டுங்க. பட்டி தடிமனா இருக்கிற இடத்தில் அது ஒட்டாது. லேண்ட் ரோவர் மாதிரி அலுமினியத்தில் இது பலிக்காதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்க. மறுத்தா அதுவே பதில். சீட் பெல்ட் போல்ட், சஸ்பென்ஷன் மாட்டுற இடம், இதைச் சுத்தி 30 செ.மீ. தட்டிப் பாருங்க. பிரிட்டனில் அதைச் சட்டம் தட்டுது. இங்கே உங்க கைதான் தட்டணும்.

டிங்கர் கடையில் வேலை கொடுக்கிறவங்களுக்கு ஒண்ணு. மலிவா கேட்டா மலிவான வேலைதான் கிடைக்கும். "வெட்டி ஒட்டுங்கண்ணா, வெல்டிங் முடிஞ்சதும் பட்டி போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க"ன்னு கேளுங்க. அதுக்கான கூலியையும் கொடுங்க. நல்ல வேலைக்காரருக்கு அது பிடிக்கும்; அவர் திறமை தெரியற ஒரே கட்டம் அதுதான். அப்புறம் அதுமேல பெயின்ட் மூடிடும்.

கால்வனைஸ் பண்ணலாமா வேண்டாமான்னு 1948-ல் சோலிஹல்ல எடுத்த முடிவு அந்த வருஷக் கணக்குக்குச் சரியா இருந்திருக்கும். அதோட விலை, அப்போ பிறக்காதவங்க தலையில் வந்து விழுந்தது. உங்க வண்டியும் உங்களுக்கு அப்புறம் இன்னொருத்தர் கைக்குப் போகும். அவர் தட்டிப் பார்க்கும்போது இரும்புச் சத்தம் கேட்கட்டும்.

இந்த எபிசோடு அவ்வளவுதான் மக்களே. பழைய வண்டி வச்சிருக்கிற ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்க. வாங்கப் போறவருக்கு இன்னும் சீக்கிரமா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.